“கலெக்டர் ஆபீஸில் கேட்டால் ‘அப்படி ஒரு குழுவா?’ என்கிறார்கள்… அரசாங்கத்தை யார் கேட்பது?”

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

தென்மாவட்டம் ஒன்றின் தாலுகா ஊரிலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணவரை இழந்தவர், வயது 36. பள்ளியில் படிக்கும் ஒரு மகன். ஊர் பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடும் வேலை. கடையில் இவரையும் சேர்த்து ஏழு பேர். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது. சம்பளம் பாதி கையில், பாதி ஜீபேயில். கடை உரிமையாளர் ஒரு வருடமாகவே இரவு பத்து மணிக்கு மேல் ‘சாப்டியா’, ‘தூக்கம் வரலையா’ என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். பொங்கல் விற்பனை சமயம், ஜனவரி 12 அன்று, குடோனில் பானைக் கட்டு எண்ணச் சொல்லிப் பின்னால் வந்து இடுப்பைப் பிடித்திருக்கிறார். தட்டிவிட்டு வெளியே வந்தவர் பொங்கல் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டார். 12 நாள் சம்பளம் பாக்கி.

அதன் பிறகு அலைந்த கதைதான் கடிதத்தின் பெரும்பகுதி. பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறார். அது காவல் நிலையத்துக்குப் போனது. அங்கே எஸ்.ஐ. ஒரு சி.எஸ்.ஆர். ரசீது போட்டு, கடைக்காரரைக் கூப்பிட்டு ‘இனி இவர் வழிக்குப் போகமாட்டேன்’ என்று எழுதி வாங்கியிருக்கிறார். ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று இவரிடமும் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். இவர் போடவில்லை. சமூக நல அலுவலகத்தில், ‘வீட்டுக்காரர் அடிச்சா இங்க வாங்கம்மா, கடை விஷயம்னா லேபர் ஆபீஸ்’ என்றார்களாம். லேபர் ஆபீஸில், ‘சம்பள பாக்கின்னா எழுதிக் குடுங்க, மத்தது போலீஸ்’. கடைசியில் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி: ‘தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது.’

அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறார். மாவட்டத்துக்கு ஒரு புகார் குழு இருக்க வேண்டும் என்று சட்டமே இருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். கலெக்டர் ஆபீஸில் போய் விசாரித்தால் மூன்று மேசைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. இனி சகோதரியின் சொற்களிலேயே: “அந்த ஆளு செஞ்சதகூட மறந்துடுவேன். ஆனா இத்தன ஆபீஸ் இருந்தும் ஒருத்தர்கூட இது என் வேலைன்னு சொல்லலயே, அதத்தான் தாங்க முடியல. கடைக்காரர விட்டுடறேன். அரசாங்கத்து மேல கேஸ் போட முடியுமா? ஐ.நா. சபைக்கு எழுதலாமா? சின்ன கடைக்கு இந்தச் சட்டம் வராதுங்கறாங்களே, அது நெஜமா? பேஸ்புக்ல போட்டுடுன்னு கொழுந்தனார் சொல்றார். போடவா?”

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கையெழுத்தைப் போடாமல் எழுந்து வந்தீர்களே, அதற்கு முதலில் என் வணக்கம். காவல் நிலைய நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது மறுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் வழிகள் எல்லாம் இன்னும் திறந்திருக்கின்றன.

அரசாங்கத்தைக் கேட்க முடியும். ஆனால் கடைக்காரரை விட்டுவிட்டு அரசாங்கத்தை மட்டும் கேட்கிறேன் என்கிறீர்களே, அங்கேதான் உங்களைக் கொஞ்சம் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நாள் வேறு கடந்துகொண்டிருக்கிறது.

சின்னக் கடைக்கும் இந்தச் சட்டம் உண்டு

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேருக்கு மேல் இருந்தால்தான் அது பொருந்தும் என்று பஜாரில் சொல்வது பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில், அந்த நிறுவனமே உள்ளகப் புகார் குழு அமைக்க வேண்டும். பத்துக்குக் குறைவு என்றால் கடைக்காரர் குழு அமைக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். அந்தப் பொறுப்பு அரசின் கைக்கு மாறுகிறது. சட்டத்தின் 6-வது பிரிவு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் உள்ளூர் புகார் குழு அமைக்கச் சொல்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களிலிருந்து வரும் புகார்களையும், எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் முதலாளி மீதே வரும் புகார்களையும் விசாரிக்க வேண்டியது அந்தக் குழுதான். உங்கள் வழக்கு இரண்டு வகையிலும் அங்கேதான் போக வேண்டும்.

ஆர்டர் இல்லை என்று தயங்க வேண்டாம். தினக்கூலி, தற்காலிகம், வாய்மொழி வேலை, எல்லாமே இந்தச் சட்டத்தின் கண்ணில் வேலைதான். ஜீபேயில் வந்த சம்பளம், நீங்கள் போட்ட பில்களின் படம், ‘நாளைக்கு சீக்கிரம் வா, லோடு வருது’ என்று அவரே அனுப்பிய செய்தி, இவை போதும். ராத்திரி மெசேஜ்களைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் அழிக்காதீர்கள். போனையும் மாற்றாதீர்கள்.

இந்தக் குழு எப்படி அமைய வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சமூகப் பணியில் அறியப்பட்ட ஒரு பெண் தலைவர்; உள்ளூரில் வேலை செய்யும் பெண்களில் ஒருவர்; தொண்டு நிறுவனங்கள் போன்றவற்றிலிருந்து இருவர்; மாவட்டத்தில் சமூக நலத்தையோ பெண்கள் நலத்தையோ கவனிக்கும் அதிகாரி ஒருவர், பதவி வழியில் உறுப்பினர். கடைசியாகச் சொன்னதைக் கவனித்தீர்களா? ‘வீட்டுக்காரர் அடிச்சா இங்க வாங்க’ என்று உங்களைத் திருப்பி அனுப்பிய அலுவலகத்தின் தலைமை அதிகாரியே அநேகமாக அந்தக் குழுவின் உறுப்பினர். வாசலில் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லித்தர வேண்டியவர்கள் மேல் நிறையவே இருக்கிறது.

திங்கட்கிழமை மனு ஏன் போதாது

நீங்கள் அன்று கொடுத்தது ஒரு பொதுக் கோரிக்கை மனு. அந்தக் கூட்டத்தில் பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், குடிநீர் எல்லாம் ஒரே வரிசையில் வரும். கணினியில் ஏற்றி ஏதாவது ஒரு துறைக்குத் தள்ளிவிடுவார்கள். காவல் நிலையம் ‘விசாரித்து எழுதி வாங்கப்பட்டது’ என்று பதில் அனுப்பினால், மனு முடிந்தது. அந்தக் குறுஞ்செய்திக்கு அர்த்தம் அவ்வளவுதான்.

இதில் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. உள்ளூர் புகார் குழு ஆண்டுதோறும் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்று மாவட்ட அதிகாரிக்கு (இந்தச் சட்டத்துக்கென அரசு நியமிக்கும் அலுவலர்) அறிக்கை தர வேண்டும், அவர் அதன் சுருக்கத்தை மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் மனு அந்தக் குழுவின் பெயருக்கு வரவில்லை. ஆகவே அந்தக் கணக்கில் நீங்கள் இல்லை. உங்களைப் போல அலைந்து திரும்பிய பெண்கள் யாருமே அதில் இல்லை. அலுவலகப் பாஷையில் ‘நில் ரிப்போர்ட்’ என்பார்கள்; புகார் ‘இல்லை’ என்று ஒரு கட்டத்தில் எழுதி மேலே அனுப்புவது. பஜார் முழுக்கப் பெண்கள் நின்றுகொண்டு வேலை செய்யும் ஒரு மாவட்டம், காகிதத்தில் துன்புறுத்தலே இல்லாத மாவட்டமாகிவிடுகிறது. அரசைக் கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் அந்த ‘நில்’லை உடைக்க வேண்டும். அதை உடைப்பது கடைக்காரர் மீது நீங்கள் முறைப்படி கொடுக்கும் புகார்தான். அதனால்தான் அவரை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். புகாரே கொடுக்காதவர் ‘குழு இல்லை’ என்று நீதிமன்றம் போனால், அரசு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, “இவர் குழுவிடம் எப்போது புகார் கொடுத்தார்?” என்பதாகத்தான் இருக்கும்.

மூன்று மாதக் கெடு

கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு அது ஜனவரி 12. அதாவது ஏப்ரல் 12-க்குள், சித்திரை பிறப்பதற்கு முன். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் அது அவர்கள் மனம் வைத்தால்தான். அதை நம்பி இருக்காதீர்கள்.

முகவரி இப்படி எழுதுங்கள்: ‘தலைவர், உள்ளூர் புகார் குழு, மாவட்ட ஆட்சியர் அலுவலகம்’. குழு இருக்கிறதா என்று தெரியாமலேயே இப்படி எழுதலாம். இல்லாமல் போனால் அது அரசின் தவறு, உங்கள் புகார் தாமதமானதாக ஆகாது. ஆட்சியருக்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் நகல் என்று கீழே குறிப்பிடுங்கள். விதிகளின்படி புகார் ஆறு பிரதிகள் வேண்டும், சான்றுகளுடன், சாட்சிகள் பெயர் முகவரியுடன். உங்களுடன் பில் கவுன்ட்டரில் இருந்த பெண் நீங்கள் அழுதுகொண்டு வெளியே வந்ததைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இன்னும் அதே கடையில் வேலை செய்கிறார். அவரிடம் கேட்காமல் பெயரைப் போட்டுவிடாதீர்கள். தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். அவர் மறுத்தாலும் புகார் நிற்கும்.

எழுதும்போது தேதி, இடம், என்ன செய்தார், என்ன சொன்னார், இவை போதும். ‘கேவலமாக நடந்துகொண்டார்’ என்ற வரியை எடுத்துவிட்டு, குடோனில் எந்தப் பக்கம் நின்றீர்கள், கதவு எப்படி இருந்தது, எந்தக் கை, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். கூசும்தான். ஆனால் குழு நம்புவது இந்த விவரங்களைத்தான். எழுத வரவில்லை என்றால், எழுதித்தர நியாயமான எல்லா உதவியும் செய்ய வேண்டியது குழுவின் கடமை என்று சட்டமே சொல்கிறது.

மத்திய அரசின் ‘ஷீ-பாக்ஸ்’ இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். அங்கிருந்து மாவட்டக் குழுவுக்குத்தான் வரும். புகார் எண் கிடைக்கும் என்பதற்காக அதையும் செய்துவையுங்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

புகார் ஏற்கப்பட்ட பிறகு 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அறிக்கை வந்தால் மாவட்ட அதிகாரி 60 நாளில் அதன்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். அங்கே வக்கீல் வைத்து வாதாட அனுமதி கிடையாது, இரண்டு பக்கத்துக்கும்தான். பணம் கொடுத்துச் சமாதானம் என்று பேச்சு வரும். சட்டப்படி சமரசம் நீங்கள் கேட்டால்தான் பேச முடியும்; பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யவே முடியாது. இழப்பீடு வேறு. அதை விசாரணை முடிவில் குழு பரிந்துரைக்கும்.

காவல் நிலையம் முடித்துவைத்ததாகச் சொல்வது

உண்மையில் அது முடிந்துவிடவில்லை. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீதுதான், முதல் தகவல் அறிக்கை ஆகாது. விருப்பமில்லாத பெண்ணின் இடுப்பைப் பிடிப்பது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75 பிரிவுகளில் வரக்கூடிய குற்றம். எழுதி வாங்கித் தீர்த்துவைக்கும் அதிகாரம் எஸ்.ஐ.க்கு இல்லை. கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. அதைவிடக் கூர்மையான ஒன்றும் இருக்கிறது. 74-வது பிரிவுக் குற்றம் பற்றிய தகவலைப் பதிவு செய்யத் தவறும் அரசு ஊழியருக்கே, அதே சன்ஹிதாவின் 199-வது பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் உண்டு. டெல்லியில் 2012-இல் மாணவி ஒருவருக்கு நடந்த கூட்டு வன்கொடுமைக்குப் பிறகு, நீதிபதி வர்மா குழு பரிந்துரைகளையொட்டி 2013-இல் பழைய தண்டனைச் சட்டத்தில் கொண்டுவந்த ஏற்பாடு இது. அரசைப் பொறுப்பாக்குவது என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் மிக நேரடியான வரிகளில் ஒன்று என்று இதைச் சொல்வேன். நடைமுறையில் அபூர்வமாகவே பயன்படுத்தப்படுகிறது.

கிரிமினல் வழக்கு வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அது நீண்டது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை இருக்கும், மகன் படிக்கும் ஊரிலேயே வாய்தா இருக்கும். வேண்டும் என்றால், மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் புகாரை அனுப்புங்கள்; அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். குழுவிடம் போனால் போலீஸுக்குப் போகக் கூடாது என்றோ, போலீஸுக்குப் போனால் குழுவிடம் போகக் கூடாது என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

இனி, அரசைக் கேட்பது

இந்தச் சட்டம் பிறந்ததே அரசு கைவிட்ட ஒரு பெண்ணால்தான். ராஜஸ்தானின் பதேரி கிராமத்தில் பன்வாரி தேவி அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ (தோழி) எனப்படும் கிராமப் பணியாளராக வேலை பார்த்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனது அவருக்கு அரசு கொடுத்த வேலை. அதற்காக 1992-இல் அவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானபோது, வேலையால் வந்த ஆபத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்டில், பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வகுத்த விசாகா தீர்ப்பு வந்தது. சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதற்கு மேலும் 16 வருடம் ஆனது.

சட்டம் வந்தும் குழுக்கள் வரவில்லை. கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தொடர்பான வழக்கில், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த நிலையைக் கண்டு வருந்தி, எல்லா அரசுகளும் சரிபார்க்க உத்தரவிட்டது. 2024 டிசம்பர் 3 அன்று மறுபடியும் கெடு வைத்தது: ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட அதிகாரி 2024 டிசம்பர் 31-க்குள், உள்ளூர் புகார் குழு 2025 ஜனவரி 31-க்குள், தாலுகா அளவில் புகாரை வாங்கும் தொடர்பு அலுவலர்களும் நியமிக்கப்பட வேண்டும். ஆகவே நீங்கள் கேட்பது சலுகை என்று யாரும் சொல்ல முடியாது. கெடு தாண்டிய ஒரு கடமையைத்தான் கேட்கிறீர்கள். கலெக்டர் ஆபீஸில் மூன்று மேசைக்கும் தெரியவில்லை என்பதால் குழுவே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. ஆணை போட்டு ஃபைலில் வைத்திருக்கலாம். பெண்களுக்குத் தெரியாத குழுவால் பயனில்லை என்பது வேறு. ஆனால் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அவர்கள் ஆணையைக் காட்டினால் உங்கள் பேச்சு அங்கேயே அடிபட்டுப்போகும்.

அதனால் முதலில் தகவல் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.). பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. இதில் உங்கள் கதை ஒரு வரிகூட வரக்கூடாது. காரணம் சொல்லத் தேவையில்லை என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. முடிந்தால் வேறு யார் பெயரிலாவது, அக்கா மகள் பெயரிலேயே, போடுங்கள். ‘ஏன் அமைக்கவில்லை?’ என்று கேட்டால், ‘விளக்கம் கேட்பது தகவலாகாது’ என்று பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: குழு அமைத்த ஆணையின் நகல், உறுப்பினர்களின் பெயரும் பதவியும், உங்கள் தாலுகாவின் தொடர்பு அலுவலர் யார், கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த புகார்களின் எண்ணிக்கை, மாநில அரசுக்கு அனுப்பிய ஆண்டறிக்கைகளின் நகல், விழிப்புணர்வுக்குச் செலவிட்ட தொகை. புகார் கொடுத்த பெண்களின் பெயரைக் கேட்காதீர்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்தப் பதிலுக்காக உங்கள் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள், கெடு அதற்குள் போய்விடும்.

புகார் கொடுத்தும் அசைவில்லை என்றால், அல்லது குழுவே இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டால், உயர் நீதிமன்றம். உங்களுக்கு மதுரைக் கிளை. அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில், செய்ய வேண்டிய கடமையைச் செய்யச் சொல்லி ஆணையிடக் கோரும் ‘மாண்டமஸ்’ மனு. அதற்கு முன்னால் ஆட்சியருக்கும் துறைச் செயலாளருக்கும் ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். ‘உச்ச நீதிமன்ற அவமதிப்பு போடுவேன்’ என்று முதல் கடிதத்திலேயே எழுதச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். மிரட்டல் தொனியில் ஒரு கடிதம் வந்தால், ஃபைல் நகர்வதற்குப் பதில் ஒளிந்துகொள்ளும். உத்தரவின் தேதியை மட்டும் நிதானமாகக் குறிப்பிட்டு, இத்தனை நாளில் பதில் வேண்டும் என்று கேளுங்கள். மனுவில் உங்கள் பெயரை மறைக்கும்படி நீதிமன்றத்திடம் கேட்கலாம்.

வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெண்கள் அனைவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100-க்கும் பேசலாம். மாவட்டம் முழுவதற்கும் குழு வேண்டும் என்ற பொதுநல வழக்கை நீங்கள் தனியாகத் தூக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் ஊர்ப்பக்கம் மாதர் சங்கமோ தொழிற்சங்கமோ இருந்தால் அதை அவர்கள் நடத்தட்டும். ஒரு தனிப்பெண்ணை ஊரில் அடையாளம் காட்டி ஓய வைப்பது எளிது. அமைப்பிடம் அது நடக்காது.

மகளிர் ஆணையம் உத்தரவு போட்டால் ஆட்சியர் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாநில மகளிர் ஆணையம் விசாரிக்கலாம், அறிக்கை கேட்கலாம், பரிந்துரைக்கலாம். நீதிமன்ற உத்தரவுபோல நிறைவேற்ற வைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனாலும் ஒரு நகல் அனுப்புங்கள். ஆணையத்திலிருந்து ‘அறிக்கை தருக’ என்று ஒரு கடிதம் வந்தாலே மாவட்டத்தில் யாராவது ஒருவர் ஃபைலைத் திறந்தாக வேண்டும்.

ஐ.நா. பற்றி: பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ‘சீடா’ உடன்படிக்கையை இந்தியா 1993-இல் ஏற்றுக்கொண்டது, விசாகா தீர்ப்பே அதில் ஊன்றித்தான் எழுதப்பட்டது. ஆனால் தனிநபர் நேரடியாக ஐ.நா. குழுவிடம் புகார் செய்ய இடம் தரும் அதன் கூடுதல் நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. நீங்கள் எழுதினாலும் அந்தக் குழு உங்கள் புகாரை வழக்காக எடுக்க முடியாது. இந்தியா அங்கே அறிக்கை வைக்கும்போது பெண்கள் அமைப்புகள் மாற்று அறிக்கை கொடுப்பதுண்டு. உங்கள் மாவட்டத்து ஆர்.டி.ஐ. பதில் ஒருநாள் அதில் இடம்பெறலாம். உங்கள் வழக்கைத் தீர்க்க அது வழியில்லை.

பேஸ்புக் வேண்டாம்

கொழுந்தனாரின் கோபம் நியாயமானது, யோசனை தவறானது. புகாரின் விவரம், இரு தரப்பு மற்றும் சாட்சிகளின் அடையாளம் ஆகியவற்றை வெளியிடக் கூடாது என்று பணியிடத் துன்புறுத்தல் சட்டத்தின் 16-வது பிரிவு தடுக்கிறது. அதோடு, பேஸ்புக்கில் போட்டால் அவதூறு வழக்குக்கு நாமே கதவு திறந்துவிடுவோம். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்துடன் கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. முகநூல் பதிவுக்கு அந்த நிழல் கிடைக்காது. நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று உள்ளே போட்டுவிடுவார்கள் என்று அண்ணி பயப்படுகிறாராம். நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே யார் மேலும் நடவடிக்கை எடுக்க முடியாது என்று பணியிடத் துன்புறுத்தல் சட்டத்தின் 14-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பொய் என்று தெரிந்தே, கெட்ட நோக்கத்தோடு கொடுத்தது என விசாரித்துக் கண்டுபிடித்தால்தான்.

எல்லாம் சட்டப்படி நடந்துவிடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. பஜாரில் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள். அடுத்த வேலை கிடைக்கச் சிரமம் வரலாம். ‘காசுக்காகச் செய்கிறாள்’ என்ற பேச்சு நிச்சயம் வரும், கணவர் இல்லாத பெண் என்பதால் இன்னும் கூடுதலாக. அம்மா பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்; அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. புகார் கொடுத்துவிட்டு, குழு விசாரணையோடு நிறுத்திக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மதுரை வரை போகவில்லை என்பதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. மன உளைச்சல் தாங்காத இரவுகளில் மகளிர் உதவி எண் 181-க்கு அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். 12 நாள் சம்பளத்துக்கு லேபர் ஆபீஸில் தனி மனு கொடுங்கள். அதில் மற்ற விஷயத்தைக் கலக்க வேண்டாம்.

இந்த வாரமே போங்கள். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள், அந்த வரிசையிலும் நிற்காதீர்கள். ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவு எங்கே என்று கேட்டு, வேலை நாளில் காலையிலேயே போய்விடுங்கள். அக்கா மகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு பிரதிகள் போக ஏழாவதாக ஒன்று உங்களுக்கு. அதில் முத்திரை, தேதி, பெற்றவர் கையெழுத்து வாங்குங்கள். ‘அப்படிக் குழு இல்லம்மா’ என்று வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். மறுத்தவரின் பதவி, நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு, அன்றே பக்கத்துத் தபால் நிலையத்திலிருந்து அதே முகவரிக்கு ஒப்புகையுடன் அனுப்பிவிட்டு, ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.